கம்பெனியா, தேசிய ஆய்வகமா, ஐஐடியா: வினையூக்கி ஆய்வுக்குப் போகிறவர் எதைத் தேர்வது?

எம்.எஸ்சி. வேதியியல் முடிக்கிற பருவத்தில், வினையூக்கமும் (தான் செலவாகாத ஒரு பொருளைக் கொண்டு வேதிவினையை வேகப்படுத்துவது) பசுமை வேதியியலும் (கழிவும் நஞ்சும் குறைத்து வேதிப்பொருள் தயாரிப்பது)தான் என் துறை என்று முடிவு செய்துவிட்ட மாணவருக்கு அடுத்த சிக்கல் உடனே வந்து நிற்கிறது. எங்கே போய்ச் செய்வது? மருந்துக் கம்பெனியில், தயாரிப்பு முறையை உருவாக்கும் ப்ராசஸ் பிரிவில் வேலை கிடைக்கலாம். நெட் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை வாங்கியிருந்தால், மத்திய அரசின் சிஎஸ்ஐஆர் ஆய்வகம் ஒன்றில் பிஎச்டி சேரலாம். ஐஐடியிலோ பல்கலைக்கழகத்திலோ ஒரு பேராசிரியரிடம் சேரலாம். ஜெர்மனிக்கோ தைவானுக்கோ விண்ணப்பிக்கலாம். வீட்டில் கேட்டால் சம்பளத்தை வைத்து வழி சொல்வார்கள். கல்லூரியில் கேட்டால் நிறுவனத்தின் பெயரை வைத்துச் சொல்வார்கள். இரண்டையும் தள்ளிவிட முடியாது. ஆனால் இந்தத் துறையில் இடம் மாறினால் வேலையே வேறாகிவிடுகிறது, அதைப் பற்றி யாரும் விளக்கிச் சொல்வதில்லை.

நான் பிரித்துப் பார்க்கும் முறை இது. ஒரு வினையூக்கியைப் பற்றி மூன்று கேள்விகள் கேட்கலாம். அது ஏன் வேலை செய்கிறது? எத்தனை நாள் வேலை செய்யும்? வினை முடிந்ததும் எவ்வளவு கழிவு மிஞ்சும்? முதல் கேள்வியைப் பல்கலைக்கழகங்கள் கேட்கின்றன. இரண்டாவது கேள்வியில் தேசிய ஆய்வகங்களும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிறுவனங்களின் ஆய்வு மையங்களும் உயிரைக் கொடுத்து உழைக்கின்றன. மூன்றாவது கேள்வி மருந்துக் கம்பெனியின் அன்றாடப் பிழைப்பு. மூன்றும் ஒன்றோடொன்று கலந்துதான் இருக்கும், மறுக்கவில்லை. ஆனாலும் எந்தக் கேள்விக்காக ஐந்து வருடம் ஒரே மேசையில் உட்காரத் தயார் என்று யோசித்தால், பாதி முடிவு அங்கேயே வந்துவிடும்.

கழிவு எங்கே அதிகம்?

பசுமை வேதியியலின் 12 கோட்பாடுகளை பால் அனஸ்தாஸும் ஜான் வார்னரும் 1998இல் வெளியிட்டார்கள். அதில் ஒன்பதாவது கோட்பாடு வினையூக்கம். காரணம் எளிது. பழைய முறைகளில் வினைப்பொருளுக்குச் சமமான அளவில், சில நேரம் அதைவிட அதிகமாக, ஒரு கரணியை (வினையை நடத்தச் சேர்க்கும் துணை வேதிப்பொருளை)க் கொட்டி, வினை முடிந்ததும் அதைக் கழிவாக வெளியே தள்ளுவார்கள். அதே வேலையை ஒரு வினையூக்கி சிறிதளவில், திரும்பத் திரும்பச் செய்துவிடும்.

ஐபுப்ரோஃபென் இதற்கு நல்ல சாட்சி. பூட்ஸ் கம்பெனியின் பழைய முறையில் ஆறு படிகள். அலுமினியம் குளோரைடு ஏராளமாகச் செலவாகிக் கழிவாகப் போனது. உள்ளே போட்ட அணுக்களில் சுமார் 40 சதவீதம்தான் மாத்திரைக்குள் சேர்ந்தது. 1992இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பிஷப் என்ற ஊரில் தொடங்கிய பிஎச்சி கம்பெனியின் புதிய முறையில் மூன்றே படிகள், மூன்றும் வினையூக்கத்தால் நடப்பவை. அணுப் பயன்பாடு 77 சதவீதம். பக்கவிளைபொருளாக வரும் அசெட்டிக் அமிலத்தையும் மீட்டு எடுத்துக்கொண்டால் 99 சதவீதத்தைத் தொடும். ஆனால் அதன் முதல் படியில் வினையூக்கி ஹைட்ரஜன் ஃபுளோரைடு, தோலில் பட்டால் எலும்புவரை இறங்கும் நஞ்சு. அதைத் துளிகூட வெளியே விடாமல் சுழற்சியில் வைத்திருப்பதால்தான் அந்த ஆலை பசுமை என்ற பெயருக்குத் தகுதி பெறுகிறது. இந்தத் துறையில் எந்த முடிவும் இப்படித்தான், ஒரு பக்கம் லாபம் என்றால் இன்னொரு பக்கம் கூடுதல் பொறுப்பு வந்து சேரும். ஐபுப்ரோஃபென் நம் புதுச்சேரியிலும் தயாராகிறது. ஆகவே இது எங்கோ நடக்கிற கதை என்று நினைக்க வேண்டியதில்லை.

ராஜர் ஷெல்டன் 1992இல் ஒரு அளவுகோல் கொடுத்தார். ஒரு கிலோ பொருள் தயாரிக்க எத்தனை கிலோ கழிவு வருகிறது என்பதுதான் அது. இ-ஃபேக்டர் என்பார்கள். எண்ணெய்ச் சுத்திகரிப்பில் அது 0.1க்கும் கீழே. பெருமளவில் தயாராகும் அடிப்படை வேதிப்பொருள்களில் 1 முதல் 5 வரை. மருந்துத் தயாரிப்பில் 25 முதல் 100 வரை, அதற்கு மேலும் போகும். முதல்முறை பார்க்கிறவர்கள் திகைத்துப் போவார்கள். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இருக்கும் சென்னை மணலிப் பக்கம் போனாலே மூக்கைப் பிடிக்கிறோம், ஆனால் கிலோவுக்குக் கிலோ பார்த்தால் மாத்திரை தயாரிப்பில்தான் கழிவு அதிகம்.

வேலை தேடுகிறவருக்கு இந்தக் கணக்கு நேரடியாக உதவும். மருந்துத் துறையில் ஒரே ஒரு படியைக் குறைத்தால், ஒரு கரைப்பானை மாற்றினால், கிலோவுக்குப் பத்து இருபது கிலோ கழிவைத் தடுக்கலாம். அதை நீங்கள் சேர்ந்த மூன்றாவது வருடத்திலேயே செய்துவிட முடியும். சுத்திகரிப்பில் அப்படிப் பெரிய தாவல் கிடைக்காது. ஆனால் மணலியில் இருக்கும் சிபிசிஎல் ஆலை ஆண்டுக்கு ஒரு கோடி டன்னுக்கு மேல் கச்சா எண்ணெயைக் கையாளும் திறன் கொண்டது. அங்கே 0.1 சதவீத முன்னேற்றம் என்றாலும் ஆண்டுக்குப் பத்தாயிரம் டன். இந்த இரண்டு வகைப் பலனில் எது உங்களுக்கு நிறைவு தரும் என்பதும் ஆளைப் பொறுத்தது.

எம்.எஸ்சி.யோடு கம்பெனிக்குப் போனால்

ஹைதராபாத், பெங்களூரு, சென்னை, புதுச்சேரி. தமிழ்நாட்டு மாணவர்கள் பெரும்பாலும் போய்ச் சேரும் ஊர்கள் இவை. ப்ராசஸ் ஆர் அண்ட் டி பிரிவில் சேர்ந்தால் முதல் வருடம் வேறொருவர் கண்டுபிடித்த வினையை ஒரு கிராமிலிருந்து ஒரு கிலோவுக்குக் கொண்டுபோகும் வேலையைத்தான் செய்வீர்கள். கேட்கச் சாதாரணமாக இருக்கும். குடுவையில் பத்து நிமிடத்தில் குளிர்ந்த கலவை பெரிய ரியாக்டரில் மணிக்கணக்கில் குளிராது. வடிகட்டுவது சுலபமாக இருந்த படிகம் இங்கே பசைபோல் அடைத்துக்கொள்ளும். டைகுளோரோமீத்தேனை எடுத்துவிட்டு எத்தில் அசிட்டேட் போட்டால் என்ன ஆகும் என்று பார்க்கச் சொல்வார்கள். மருந்துத் தயாரிப்பில் உள்ளே போகும் பொருள்களின் எடையில் பாதிக்கு மேல் கரைப்பான்தான். ஆகவே அந்தச் சலிப்பூட்டும் சோதனையில்தான் பசுமை வேதியியலின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது.

பல்லேடியம் வினையூக்கிகளின் உண்மையான முகமும் இங்கேதான் தெரியும். கல்லூரியில், பல்லேடியத்தால் நடக்கும் சுசுகி வினையை எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம். கம்பெனியில் வினை முடிந்தபின்தான் தலைவலி தொடங்குகிறது. வாய்வழி மருந்தின் மூலம் ஒருவர் உடலுக்குள் போகக்கூடிய பல்லேடியம் ஒரு நாளைக்கு 100 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சர்வதேச வரம்பு. அதைக் கீழே கொண்டுவரக் கரி, சிலிக்கா, கந்தகம் உள்ள பிடிப்பான்கள் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டும். வினையூக்கியை மீட்டுத் திரும்பப் பயன்படுத்துவது ஏன் இவ்வளவு முக்கியம் என்பது அப்போது உடம்பில் ஏறும்.

இந்தப் பாதையில் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு இரண்டு உதாரணங்கள் சொல்கிறேன். வில்லியம் நோல்ஸ் மான்சாண்டோ கம்பெனியில் வேலை பார்த்தவர். பார்க்கின்சன் நோய்க்கான எல்-டோபா மருந்தை, ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம் போன்ற இரண்டு வடிவங்களில் வேண்டிய ஒன்றாக மட்டும் ரோடியம் வினையூக்கியைக் கொண்டு தயாரிக்கும் முறையை அங்கேயே உருவாக்கினார். 2001இல் நோபல் பரிசு வந்தது. இரண்டாவது, நீரிழிவுக்கான சிட்டாக்ளிப்டின். மெர்க் கம்பெனி அதை முதலில் ரோடியமும் உயர் அழுத்த ஹைட்ரஜனும் வைத்துத் தயாரித்தது. பிறகு கொடெக்சிஸ் நிறுவனத்துடன் சேர்ந்து ஒரு நொதியைத் திருத்தி வடிவமைத்து, ரோடியத்தையே வெளியேற்றியது. கழிவு 19 சதவீதம் குறைந்தது. அந்த முறைக்கு 2010இல் அமெரிக்க அதிபரின் பசுமை வேதியியல் விருது கிடைத்தது. உலோக வினையூக்கியில் நிபுணர்கள் நிறைந்த கம்பெனி, அதைவிட நல்லது வந்ததும் உலோகத்தையே விட்டுக்கொடுத்ததைத்தான் இதில் கவனிக்கச் சொல்கிறேன்.

குறைகளும் உண்டு, சின்னவை இல்லை. எந்த மூலக்கூறில் வேலை என்பதை வாடிக்கையாளர் முடிவு செய்வார். உங்கள் யோசனை எவ்வளவு பசுமையாக இருந்தாலும் செலவு குறையாவிட்டால் மேசையிலேயே நின்றுவிடும். ஒரு மருந்தின் தயாரிப்பு முறை ஒழுங்குமுறை அமைப்பிடம் பதிவாகி அனுமதி பெற்றுவிட்டால், பிறகு அதை மாற்றப் புதிதாகத் தரவு கொடுத்து மறுபடி அனுமதி வாங்க வேண்டும். அதனால் நல்ல மாற்றமென்றால் பதிவுக்கு முன்பே வந்தாக வேண்டும், தாமதமாக வந்த நல்ல யோசனைகள் கோப்பில் தூங்குகின்றன. பிஎச்டி இல்லாதவருக்கு ஒரு கட்டத்துக்கு மேல் பதவி நகராது. ஆரம்பச் சம்பளமும் பல இடங்களில் ஜேஆர்எஃப் உதவித்தொகையைவிடக் குறைவுதான். வெளியே இருக்கிறவர்கள் இதைக் கேட்டால் நம்ப மாட்டார்கள்.

தேசிய ஆய்வகம்

என் சாய்வு இந்தப் பக்கம்தான், முன்பே சொல்லிவிடுகிறேன்.

புனேயில் என்சிஎல், ஹைதராபாத்தில் ஐஐசிடி, டேராடூனில் ஐஐபி, பாவ்நகரில் சிஎஸ்எம்சிஆர்ஐ, திருவனந்தபுரத்தில் என்ஐஐஎஸ்டி, நம் காரைக்குடியில் செக்ரி. எல்லாம் சிஎஸ்ஐஆர் ஆய்வகங்கள். பட்டம், இந்த ஆய்வகங்களுக்கான ஏசிஎஸ்ஐஆர் கல்வி நிறுவனம் மூலம் கிடைக்கும். இங்கே நெருங்கிப் பார்க்கக் கிடைப்பது, பல்கலைக்கழகங்களில் அரிதாகவே இருக்கும் பைலட் பிளான்ட், அதாவது சிறிய அளவிலான சோதனை ஆலை. பொடியாக இருக்கும்போது அற்புதமாக வேலை செய்த வினையூக்கியை அப்படியே பெரிய ரியாக்டரில் போட முடியாது. அழுத்தம் ஏறி எல்லாம் நின்றுவிடும். பிணைப்பான் சேர்த்து, சின்னச் சின்ன உருளைகளாகப் பிழிந்து, நொறுங்காத பலம் கொடுத்து, அப்புறம்தான் உள்ளே போகும். அப்படிச் செய்யும்போது பாதித் துளைகள் அடைபட்டு வேகம் குறையும். ஐந்து மணி நேரம் ஓடியதைக் கட்டுரையில் காட்டலாம், ஆலைக்காரர் ஆயிரம் மணி நேரம் ஓடுமா என்று கேட்பார். கார்பன் படிந்து செத்துப்போகும் வினையூக்கியை எரித்து உயிர்ப்பித்தால் எத்தனை முறை தாங்கும் என்பார். இந்தக் கேள்விகளுக்கு விடை தேடிய ஒருவர், பிறகு எங்கே போனாலும் அவர் பேச்சுக்கு மதிப்பு இருக்கும்.

பால் ரத்னசாமியின் வாழ்க்கையை இளைஞர்கள் தேடிப் படிக்க வேண்டும். சென்னையில் படித்து, டேராடூன் ஐஐபியில் தொடங்கி, புனே என்சிஎல்லுக்குப் போய், 1995 முதல் 2002 வரை அதன் இயக்குநராக இருந்தவர். ஜியோலைட் என்ற நுண்துளைத் திண்ம வினையூக்கிகளில் அவர் குழு செய்தது தொழிற்சாலைகள்வரை போனது. வெளிநாட்டில் ஒரு முன்மாதிரி வேண்டுமென்றால் இவ் ஷோவான். பிரெஞ்சுப் பெட்ரோலிய ஆய்வு நிறுவனத்தில் பணிக்காலத்தின் பெரும்பகுதி வேலை பார்த்தார், பிஎச்டியே செய்யவில்லை. ஆலைகளுக்கான முறைகளை உருவாக்கிக்கொண்டே, இரண்டு மூலக்கூறுகள் தங்கள் பகுதிகளை மாற்றிக்கொள்ளும் மெட்டாதிசிஸ் வினை எப்படி நடக்கிறது என்று 1970களின் தொடக்கத்தில் சரியாக விளக்கினார். 2005இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நடைமுறை வேலை செய்கிறவர்களுக்கு ‘ஏன்’ என்ற கேள்வி எட்டாது என்பது பொய் என்று அவர் வாழ்க்கையே காட்டிவிட்டது.

நம் நாட்டில் கண்ணுக்குத் தெரிந்த பலன் ஒன்று: 2018 ஆகஸ்டில் டேராடூனிலிருந்து டெல்லிக்கு ஒரு ஸ்பைஸ்ஜெட் விமானம் உயிரி எரிபொருள் கலந்து பறந்தது. காட்டாமணக்கு எண்ணெயை விமான எரிபொருளாக மாற்றிய வினையூக்க முறை ஐஐபியுடையது. அதில் வேலை செய்த ஆய்வு மாணவருக்கு அந்த விமானம் மேலெழும்பியபோது எப்படி இருந்திருக்கும்!

இங்கும் பிரச்சினைகள் இருக்கின்றன. உங்கள் ஆய்வு ஒரு கம்பெனியின் பணத்தில் நடந்தால், காப்புரிமை பதிவாகும்வரை எதையும் வெளியிட முடியாது. கூடப் படித்தவர் நான்கு கட்டுரை போட்டிருக்கும்போது உங்கள் கையில் ஒன்றுகூட இருக்காது. சேரும்போதே வழிகாட்டியிடம், கம்பெனித் திட்டத்துக்கு வெளியே எனக்கென்று வெளியிடக்கூடிய ஒரு பகுதி உண்டா என்று கேட்டுவிடுங்கள். நல்ல வழிகாட்டிகள் இதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

அடுத்தது வயது. சிஎஸ்ஐஆர் விஞ்ஞானி பதவி விளம்பரங்களில் பொதுப்பிரிவுக்கு 32 என்பது வழக்கமான உச்சவரம்பு. ஒதுக்கீட்டு இடங்களில் ஓபிசிக்கு 3 ஆண்டும் எஸ்சி, எஸ்டிக்கு 5 ஆண்டும் தளர்வு உண்டு. 23 வயதில் எம்.எஸ்சி., 24இல் பிஎச்டி, 29இல் பட்டம், இரண்டு மூன்று வருடம் வெளிநாட்டில் போஸ்ட்டாக் (பிஎச்டிக்குப் பிந்தைய தற்காலிக ஆய்வுப் பணி) என்று கணக்குப் போட்டால் கதவு மூடுகிற நேரத்தில்தான் போய் நிற்போம். நடுவில் இரண்டு வருடம் வீணானால் அவ்வளவுதான். பதவி கிடைத்தால் மத்திய அரசு ஊதிய நிலையில் லெவல் 11, அடிப்படைச் சம்பளம் 67,700 ரூபாயில் தொடங்கும். கிடைக்காவிட்டால்? ஃபரிதாபாத்தில் இந்தியன் ஆயில் ஆய்வு மையம், பெங்களூரில் ஹெச்பிசிஎல் ஆய்வு மையம், வினையூக்கி தயாரிக்கும் பன்னாட்டுக் கம்பெனிகள் என்று கைத்திறனுக்கு வேறு இடங்கள் இருக்கின்றன. இந்தியன் ஆயில் சொந்தமாக உருவாக்கிய இண்ட்மேக்ஸ் என்ற சுத்திகரிப்பு முறை இன்று பாரதீப் ஆலையில் ஓடுகிறது. அப்படியொரு குழுவுக்குப் பைலட் பிளான்ட்டில் கை வைத்த பிஎச்டிக்காரர் தேவைப்படுவார். நான் தேசிய ஆய்வகத்தின் பக்கம் சாய்வதற்கு இந்த மாற்று வழிகள்தான் முதல் காரணம்.

ஐஐடியும் பல்கலைக்கழகமும்

ஏன் என்ற கேள்வியை விட முடியாதவர்களுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. சென்னை ஐஐடியில் வினையூக்க ஆய்வுக்கென்றே ஒரு தேசிய மையம் 2006 முதல் இருக்கிறது. ஒற்றை அணு வினையூக்கிகள், கணினிவழிக் கணக்கீடு, வினை நடக்கும்போதே மேற்பரப்பைப் பார்க்கும் கருவிகள் என்று அடிப்படை ஆய்வுக்கு வேண்டிய சூழல் ஐஐடிகளிலும் பெங்களூரு ஐஐஎஸ்சியிலும் அமைந்திருக்கிறது. பிரதமர் ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 70,000 ரூபாயில் தொடங்கும். சாதாரண ஜேஆர்எஃப் 37,000, இரண்டு வருடத்துக்குப் பிறகு 42,000, விடுதி இல்லையென்றால் வீட்டு வாடகைப் படியும் உண்டு. உதவித்தொகை சில மாதம் தாமதமாக வருவதும் நடக்கிறது. கையில் கொஞ்சம் பணத்தோடு சேருவது நல்லது.

இந்தப் பாதையின் முடிவில் இருப்பது பேராசிரியர் பதவி. ஐஐடியில் முதல் நிலை உதவிப் பேராசிரியருக்கு அடிப்படைச் சம்பளம் 1,01,500 ரூபாய். பல்கலைக்கழகத்தில் 57,700. போட்டி கடுமை, வெளிநாட்டு போஸ்ட்டாக் இல்லாமல் ஐஐடியில் நுழைவது இன்று ஏறக்குறைய நடக்காத காரியம். நுழைந்த பிறகும் பொறுமை வேண்டும். கிரஹாம் ஹட்சிங்ஸ் கதையைப் பாருங்கள். பிவிசி பிளாஸ்டிக்கின் மூலப்பொருளான வினைல் குளோரைடை அசெட்டிலீனிலிருந்து தயாரிக்கப் பாதரச வினையூக்கி பயன்பட்டு வந்தது. அதைவிடத் தங்கம் நன்றாக வேலை செய்யும் என்று அவர் 1985இல் கணித்தார். அதுவரை தங்கம் எதற்கும் அசையாத உலோகம் என்பதுதான் பாடம். தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு வந்தவர் அவர், பிறகு கார்டிஃபில் ஒரு பெரிய வினையூக்க மையத்தை வளர்த்தார். ஜான்சன் மேத்தி என்ற வினையூக்கிக் கம்பெனியோடு சேர்ந்து அந்தத் தங்க வினையூக்கி சீனாவில் ஆலைக்குப் போனது 2010களில்தான். இடையில் கிட்டத்தட்ட முப்பது வருடம். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா ஒப்பந்தம் வந்து, அந்த மாற்றத்துக்கான தேவையையும் உண்டாக்கியிருந்தது. முப்பது வருடம் ஒரு யோசனையைக் கைவிடாமல் வைத்திருக்கும் சுதந்திரம் கம்பெனியில் கிடைக்காது, பல்கலைக்கழகத்தில் கிடைக்கும்.

ஆனால் பல்கலைக்கழகம் என்ற பெயரில் நம்மூரில் நடக்கும் ஒன்றைப் பற்றி எனக்கு வருத்தம் உண்டு. ஏதோ ஒரு இலைச்சாற்றில் நானோ துகள் தயாரித்து, மெத்திலீன் நீலத்தை வெயிலில் வைத்து நிறம் போக்கி, அதைப் பசுமை வேதியியல் என்று பெயரிட்டு முனைவர் பட்டம் வாங்கும் வழக்கம் பரவிக் கிடக்கிறது. நல்ல மாணவர்களின் நான்கு ஐந்து வருடம் இதில் போகிறது. மெத்திலீன் நீலம் தானே வெளிச்சத்தை உறிஞ்சும் சாயம். ஆகவே வினையூக்கி வேலை செய்ததா, சாயமே தன்னைச் சிதைத்துக்கொண்டதா என்று அந்தச் சோதனையில் தெளிவாகச் சொல்ல முடியாது. நிறம் போனதால் மூலக்கூறு முழுதாகச் சிதைந்தது என்றும் ஆகாது. இப்படிப் பட்டம் வாங்கியவர் நேர்காணலுக்குப் போனால் முதல் ஐந்து நிமிடத்தில் இதைத்தான் கேட்பார்கள்.

எனவே சேருவதற்கு முன் அந்தப் பேராசிரியரின் கடைசி ஐந்து கட்டுரைகளை எடுத்துப் படியுங்கள். வினையூக்கியை ஐந்து முறை மறுபயன்பாடு செய்தோம், ஒவ்வொரு முறையும் 99 சதவீத விளைச்சல் என்று படம் போட்டிருந்தால் சந்தேகப்படுங்கள். வினை முழுதாக முடிந்த நிலையில் மட்டும் அளந்தால், பாதி வினையூக்கி செத்துப்போயிருந்தாலும் தெரியாது. முப்பது நாற்பது சதவீதம் முடிந்த நிலையில் வேகத்தை அளந்து காட்டுகிற குழுதான் நேர்மையாக வேலை செய்கிறது. சூடாக இருக்கும்போதே வடிகட்டி, உலோகம் கரைசலுக்குள் கசிந்ததா என்று பார்த்திருக்கிறார்களா? கழிவின் கணக்கைக் கொடுத்திருக்கிறார்களா? பேராசிரியரின் பெயரையும் கட்டுரை எண்ணிக்கையையும் விட இந்த மூன்று விஷயங்களை நான் நம்புவேன். எனக்குத் தெரிந்தவரை, சின்ன ஊர்ப் பல்கலைக்கழகத்தில் இதையெல்லாம் ஒழுங்காகச் செய்கிற குழுக்களும் இருக்கின்றன.

வெளிநாடு

ஜெர்மனியில் பிஎச்டி மாணவர் சம்பளம் வாங்கும் ஊழியர். படிப்புக் கட்டணம் பெரும்பாலும் கிடையாது, மூன்று நான்கு வருடத்தில் முடியும். ரோஸ்டாக்கில் வினையூக்கத்துக்கென்றே லைப்னிட்ஸ் நிறுவனம் இருக்கிறது. மூல்ஹைமில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில்தான் கார்ல் சீக்லர் பாலிஎத்திலீன் வினையூக்கியைக் கண்டுபிடித்தார், 2021இல் நோபல் பெற்ற பெஞ்சமின் லிஸ்ட்டும் அங்கேதான். தைவானும் தென்கொரியாவும் தமிழ்நாட்டு மாணவர்களுக்கு இப்போது பழகிய வழி. ஆய்வின் தரம் நல்ல குழுக்களில் மிக உயரம். சிக்கல் திரும்பி வருவதில்தான். இங்கே பதவி விளம்பரம் வரும்போது அங்கே இருப்போம், இங்கே யாரையும் தெரிந்திருக்காது, வயதும் ஓடியிருக்கும். நிரந்தரமாக அங்கேயே இருக்க விருப்பம் என்றால் பிஎச்டிக்கே போங்கள். திரும்பி வரத்தான் ஆசை என்றால் பிஎச்டியை இங்கே முடித்துவிட்டு போஸ்ட்டாக்குக்குப் போவது பொருத்தம்.

எந்த வினையூக்கம்?

இடத்தைப் போலவே உட்பிரிவும் வேலையைத் தீர்மானிக்கும். ஒருபடித்தான வினையூக்கம் (வினையூக்கியும் வினைப்பொருளும் ஒரே கரைசலில் இருப்பது) கற்றவருக்கு மருந்துத் துறை. திண்ம வினையூக்கம் கற்றவருக்குச் சுத்திகரிப்பும் உரமும். தூத்துக்குடி ஸ்பிக், மணலி மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் போன்ற ஆலைகளின் அடிப்படை இன்றும் 1913இல் ஜெர்மனியின் ஓப்பாவில் பிஏஎஸ்எஃப் தொடங்கிய, நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் சேர்த்து அம்மோனியா ஆக்கும் அதே வினைதான். நொதி வழி என்றால் வேதியியலோடு மரபணு வேலையும் பழக வேண்டும். 2018இல் நோபல் பெற்ற ஃபிரான்சஸ் ஆர்னால்டு இளங்கலையில் படித்தது இயந்திரப் பொறியியல். துறை தாண்டப் பயப்படாதவர்களுக்கு அங்கே இடம் நிறைய.

மின்வேதி வினையூக்கத்துக்கு இப்போது காற்று அடிக்கிறது. தேசியப் பசுமை ஹைட்ரஜன் திட்டத்துக்கு 2023 ஜனவரியில் 19,744 கோடி ரூபாய் ஒதுக்கி ஒப்புதல் தந்தார்கள். 2030க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் உற்பத்தி இலக்கு. நீரைப் பிளக்கும் கருவிகளில் ஒரு முக்கிய வகைக்கு இரிடியம் வேண்டும், அது உலகத்திலேயே மிக அரிதான உலோகங்களில் ஒன்று. அதைக் குறைப்பதும் மாற்றுவதும் இன்னும் தீராத வேலை. அழகப்பச் செட்டியார் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து உருவான காரைக்குடி செக்ரி இதே துறையில்தான் இருக்கிறது. சென்னை ஐஐடி ஆராய்ச்சிப் பூங்காவில் எரிபொருள் மின்கல மையமும் இருக்கிறது. ஊரை விட்டுப் போக முடியாத நிலையில் இருப்பவருக்கு இந்தத் துறையில் இப்படியொரு வாய்ப்பு முன்பு இருந்ததில்லை.

கையில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து

ஜேஆர்எஃப் இருக்கிறது, கண்டுபிடித்தது எங்காவது ஓட வேண்டும் என்ற ஆசையும் இருக்கிறது என்றால், தேசிய ஆய்வகத்தில் பைலட் பிளான்ட் வசதியுள்ள குழுவைத் தேடுங்கள். மின்வேதி பிடித்தால் காரைக்குடி, திண்ம வினையூக்கம் என்றால் புனே அல்லது டேராடூன். வினை எப்படி நடக்கிறது என்பதிலேயே மனம் நிற்கிறதென்றால் ஐஐடி அல்லது ஐஐஎஸ்சி. அப்போது போஸ்ட்டாக்கையும் சேர்த்தே திட்டம் போடுங்கள்.

ஜேஆர்எஃப் இல்லை, வீட்டுக்கு மாதாமாதம் பணம் அனுப்பியாக வேண்டும் என்றால், கம்பெனிக்குப் போவதில் எந்தத் தாழ்வும் இல்லை. இரண்டு மூன்று வருடம் ப்ராசஸ் வேலை செய்துகொண்டே நெட் எழுதுங்கள். பிறகு பிஎச்டிக்கு வந்தால், ஒரு கிராம் வினையைப் பார்க்கும்போதே அது ஆயிரம் கிலோவில் எங்கே சிக்கும் என்று தெரிந்தவராக வருவீர்கள். அந்தக் கண் படித்து வருவதில்லை. ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்வேன்: உதவித்தொகை எதுவும் இல்லாமல், சொந்தக் காசைப் போட்டு, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பிஎச்டியில் சேராதீர்கள். ரசாயனம் வாங்கவும், மூலக்கூறின் அமைப்பை அறியும் என்எம்ஆர் சோதனை எடுக்கவும் மாணவரே பணம் கட்டும் ஆய்வகத்தில் வினையூக்கம் செய்ய முடியாது.

முடிவெடுக்கும் முன் அந்த ஆய்வகத்துக்கு ஒருமுறை நேரில் போங்கள். பேராசிரியரோடு பேசியபின், அவர் இல்லாத நேரத்தில் நான்காம் ஆண்டு மாணவரோடு டீ குடியுங்கள். கடைசியாக முடித்த மூன்று பேர் இப்போது எங்கே இருக்கிறார்கள், கலவையைப் பிரித்து அளக்கும் கேஸ் குரோமட்டோகிராஃப் கருவி பழுதானால் சரிசெய்ய எத்தனை மாதம் ஆகிறது, ஹைட்ரஜன் சிலிண்டர் இருக்கும் அறையில் கசிவு அறிவிப்பான் வேலை செய்கிறதா என்று கேளுங்கள். சிஎஸ்ஐஆர் நெட் வழக்கமாக ஜூன், டிசம்பர் என ஆண்டுக்கு இரண்டு சுற்று, கேட் தேர்வு பிப்ரவரியில். ஜெர்மன் குழுக்கள் இந்தத் தேதிகளுக்காகக் காத்திருப்பதில்லை. இடம் காலியானால் ஆள் எடுப்பார்கள், அதனால் அங்கே எழுத நினைப்பவர் எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் முடிவுகள் கைக்கு வந்த உடனே எழுதிவிடலாம்.